அம்மன் பெயரில் ஒரு பம்பு

தீயணைப்புப் பிரிவில் வேலை செய்கிறேன் என்று சொன்னால், கேட்பவர்கள் முதலில் என் தோளைப் பார்ப்பார்கள், பிறகு மூக்குக் கண்ணாடியைப் பார்ப்பார்கள், அதன் பிறகு மரியாதைக்காகப் பேச்சை மாற்றுவார்கள். அவர்களுடைய சந்தேகம் நியாயமானதுதான். நான் தீயை அணைக்கிறவள் அல்ல. அணைக்கிறவர்களுக்குக் குழாய், தலைக்கவசம், சப்பாத்து, ஏணி எல்லாம் வாங்கிக் கொடுக்கிறவள். மலைநாட்டுச் சிறுநகரம் ஒன்றின் நகரசபையில், தீயணைப்புப் பிரிவின் கொள்வனவைக் கவனிக்கும் முகாமைத்துவ உதவியாளர். நிலையத்தில் எல்லோருக்கும் 'மிஸ்'.

தீ வருவதற்கு யாரிடமும் அனுமதி கேட்பதில்லை. அதை அணைக்கும் சாமான் மட்டும் ஒவ்வொரு மேசையிலும் நின்று அனுமதி கேட்டுக்கொண்டுதான் வருகிறது. ஒரு மேசைக்குப் பூட்டு வாங்குவதற்கு மூன்று கடைகளில் விலை கேட்டு, மேலதிகாரிகள் எல்லோரிடமும் கையெழுத்து வாங்கி, பூட்டு வந்து சேர்ந்த நாளில் மேசையே உளுத்துப் போயிருக்கக் கண்ட அனுபவம் உங்களுக்கும் இருக்குமானால், நீங்களும் நானும் உறவினர்கள். கதிரையை இழுத்துப் போட்டு உட்காருங்கள்.

மேலே நின்ற வண்டி

எங்கள் நிலையத்தில் ஒரேயொரு வண்டி. பழையது என்றாலும், சாரதி முத்துலிங்கம் அதை நாளும் துடைத்துத் துடைத்து, சாயம் போனாலும் மினுக்கம் போகாமல் வைத்திருக்கிறார். நகரத்துக்குள் அது போகாத சந்து இல்லை. சங்கடம் நகரத்துக்கு வெளியே. தேயிலைத் தோட்டங்களில் தார் ரோட்டு ஓரிடத்தில் முடிந்துவிடும். தொழிலாளர் குடியிருக்கும் லயங்கள் அங்கிருந்து படிக்கட்டு இறங்கிப் போகிற பள்ளத்தில் இருக்கும். ஒரே கூரையின் கீழ் வரிசையாகக் காம்பராக்கள், குடும்பத்துக்கு ஓர் அறை. ஒன்றில் தீப்பற்றினால், கூரை மரத்தைப் பிடித்துக்கொண்டு அடுத்த காம்பராவுக்கு நடந்து போய்விடும்.

பக்கத்துத் தோட்டத்துக் கீழ்ப்பிரிவில் அப்படித்தான் நடந்தது. பழைய மின்சார வயரில் தொடங்கிய தீ. வண்டி ரோட்டு முடியும் இடத்தில் நின்றுவிட்டது. இருந்த குழாய்களையெல்லாம் ஒன்றோடொன்று பூட்டி இறக்கியும் லயத்தை எட்டவில்லை. எங்கள் ஆட்கள் வாளியோடு இறங்கி, சனங்களோடு சேர்ந்து ஓடையிலிருந்து தண்ணீர் மொண்டு ஊற்றினார்கள். உயிர்ச்சேதம் இல்லை; லயத்தில் பாதி இல்லை.

மறுநாள் நிலையப் பொறுப்பதிகாரி சுனிலோடு நானும் போனேன், என்ன சாமான் இருந்திருந்தால் காப்பாற்றியிருக்கலாம் என்று எழுதுவதற்காக. சுனில் ராகலைப் பக்கத்துச் சிங்களவர். தமிழ் நன்றாகப் பேசுவார். அவருக்குச் சந்தேகமே இல்லை. நான்கு பேர் தூக்கிக்கொண்டு இறங்கக்கூடிய சிறிய பெற்றோல் பம்பு ஒன்று வேண்டும். அதை ஓடையோரம் வைத்துவிட்டால், ஓடைத் தண்ணீரே லயத்துக்கு ஏறிவிடும். நாங்கள் அதற்குத் 'தூக்குப் பம்பு' என்று பெயர் வைத்தோம். நான் எழுதிக்கொண்டிருக்கும்போது, எரியாமல் தப்பிய பாதியில் குடியிருக்கும் பார்வதி தேநீர் கொண்டுவந்து தந்தார். கொழுந்து பறிக்கிறவர், என் வயதுதான் இருக்கும். தேநீரை நான் குடித்து முடித்தேன். கோப்பையை வாங்கிக்கொண்டுதான் சொன்னார்:

"வண்டி நல்லா அழகா இருந்துச்சுங்க மிஸ். மேல நின்னு நாங்க எரியிறதப் பாத்துக்கிட்டே இருந்துச்சு."

எல்லைக் கல்

எங்கள் கணக்காளர் கண்டிப்பானவர், கெட்டவர் அல்லர். இந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை அரசாங்க அலுவலகத்தில் வேலை செய்தவர்கள் அறிவார்கள். தூக்குப் பம்புக்கான என் கோரிக்கையை அவர் பொறுமையாக வாசித்தார். பிறகு சுவரில் தொங்கிய நகரசபை வரைபடத்தின் அருகே போய், விரலால் எல்லைக் கோட்டைத் தொட்டுக் காட்டினார். தோட்டம் கோட்டுக்கு அந்தப் பக்கம். நகரசபை வாங்குவதெல்லாம் நகரத்தில் வரி கட்டுகிறவர்களின் பணம். நகரத்துக்குள் எல்லா வீட்டு வாசலுக்கும் ரோட்டு உண்டு. ஆகவே தூக்கிப் போகிற பம்புக்கு நகரத்துக்குள் தேவை இல்லை. எந்தப் பக்கம் திருப்பினாலும் அவருடைய வாதம் சரியாகவே இருந்தது.

தோட்டத்துக்கு வேறு யார் போவார்கள், நாங்கள்தானே போகிறோம் என்றேன். போவது மனிதாபிமானம், வாங்குவது செலவினம் என்றார். தீக்கு அந்த எல்லைக் கல் எங்கே இருக்கிறதென்று தெரியாதே என்று கடைசியாகக் கேட்டேன். அவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"தீக்குத் தெரியாதுங்கிறத நானும் ஒத்துக்கிறேன் மிஸ். ஆனா கணக்குப் பாக்க வர்ற ஓடிட்டுக்குத் தெரியுமே!"

மூன்று விலை

இருந்தாலும் விலையாவது தெரிந்திருக்க வேண்டுமல்லவா? மூன்று நிறுவனங்களிடம் விலைமனுக் கேட்பது விதி. இந்த மாதிரிப் பம்பைத் தருவித்து விற்கிறவர், நான் தேடிய அளவில், கொழும்பில் ஒருவர்தான். மற்ற இரண்டு விலைக்கு எங்கே போவது? தண்ணீர்ப் பம்பு விற்கும் ஒரு கடைக்குக் கடிதம் போட்டேன். கிணற்றுக்குப் போடுகிற பம்பின் படத்தை அனுப்பினார்கள். இன்னொரு கடைக்காரர், பம்பு இல்லை, புல் வெட்டுகிற மிசின் இருக்கிறது, அனுப்பட்டுமா என்று கேட்டார். அவருடைய விற்பனை உற்சாகத்தை நான் இன்றும் மதிக்கிறேன்.

கொழும்பு விற்பனையாளருக்கு என் சங்கடத்தைத் தொலைபேசியில் விளக்கினேன். அவர் கொஞ்சமும் கலங்கவில்லை. மச்சானுக்கு ஒரு கம்பனி இருக்கிறதாம், மனைவியின் தம்பிக்கு இன்னொன்று. குடும்பத்துக்குள்ளேயே போட்டி விலை எடுத்துத் தர முடியுமாம். அப்படிச் செய்வது முறையல்ல என்று நான் நிதானமாக எடுத்துச் சொன்னேன். அவரும் அதே நிதானத்தோடு கேட்டுக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னார்:

"மிஸ், முறையெல்லாம் நீங்க பாத்துக்கங்க. மூணு விலைல எது கொறச்சலா இருக்கணும்னு மட்டும் சொல்லிட்டா, மத்தத நான் பாத்துக்கிறேன்."

குளிருக்கு வந்த அங்கி

சபையில் பணம் இல்லையென்றால் வெளிநாட்டுக்கு எழுது என்பார்கள். எழுதினோம். குளிர் நாட்டு நகரம் ஒன்றின் தீயணைப்புப் பிரிவு, தாங்கள் பாவித்த சாமான்களை அன்பளிப்பாக அனுப்பியது. பெட்டி வந்த நாளில் நிலையத்தில் திருவிழாக் கூட்டம். நான் எதிர்பார்த்தது பம்பு. பெட்டியில் இருந்தவை அங்கிகள், சப்பாத்துகள், பனி அள்ளுகிற அகலமான வாரிகள். நுவரெலியாக் குளிருக்கே மப்ளர் சுற்றுகிற நாங்கள், அந்த வாரியால் எதை அள்ளுவதென்று யோசித்தோம். இப்போது நிலையத்து முற்றத்தில் சவுக்கு இலை அள்ளுகிறோம்.

அங்கிகள் முதல்தரமானவை. அனுப்பியவர்களின் மனமும் அப்படித்தான். ஒவ்வோர் அங்கியின் பைக்குள்ளும் ஒரு வாழ்த்து அட்டை வைத்திருந்தார்கள். ஒரே குறை, அவர்கள் எங்களைவிட இரண்டு மடங்கு பெரிய மனிதர்கள். முத்துலிங்கம் ஒன்றைப் போட்டுப் பார்த்தார். கை விரல்கள் வெளியே தெரியவில்லை. அங்கியின் ஓரம் கணுக்காலைத் தொட்டது. நிலையத்தைச் சுற்றி மெதுவாக ஒரு நடை நடந்துவிட்டு வந்து அறிக்கை தந்தார்:

"இதப் போட்டுக்கிட்டு எரியிற வீட்டுக்குள்ள தைரியமாப் போகலாங்க மிஸ். வெளிய வர்றதுக்குத்தான் வேற நாலு பேர் வேணும்."

மாப்பிள்ளை ஊர்வலம்

சபையின் வருஷாந்தப் பாதீட்டில் தேடியும் கிடைக்காது, கடல் கடந்தும் வராது என்றான பிறகு, மிஞ்சியது எங்கள் சொந்த வருமானம். தீயணைப்பு நிலையத்துக்கு என்ன வருமானம் என்று கேட்பீர்கள். ஹோட்டல்களுக்குத் தீப்பாதுகாப்புச் சான்றிதழ் வழங்கினால் கட்டணம் உண்டு. வரட்சியில் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தால் கட்டணம். ஏப்ரல் சீசனில் களியாட்ட விழாக்களுக்குக் காவல் நின்றால் கட்டணம். கட்டண அட்டவணையின் கடைசியில் 'ஏனைய சேவைகள்' என்று ஒரு வரி இருக்கிறது. அதை யார் எதற்காக எழுதினார்கள் என்று தெரியாது. எழுதியவருக்கு என் நன்றி.

கொட்டகலையிலிருந்து ஒரு கலியாண வீட்டுக்காரர் வந்தார். மகன் கொழும்பில் நல்ல வேலையில் இருக்கிறான். மாப்பிள்ளை ஊர்வலத்துக்கு எல்லோரும் கார் வைக்கிறார்கள், குதிரைகூட வைத்துவிட்டார்கள், தன் மகன் தீயணைப்பு வண்டியில்தான் வர வேண்டும் என்றார். நான் சுனிலைப் பார்த்தேன். சுனில் கூரையைப் பார்த்தார். அழைப்பு வந்தால் மாப்பிள்ளையை இருந்த இடத்தில் இறக்கிவிட்டு வண்டி போய்விடும் என்று நிபந்தனை எழுதினேன். அவர் மகிழ்ச்சியோடு கையெழுத்துப் போட்டார். அப்படி நடந்தால் அது இன்னும் நன்றாக இருக்கும் என்றுகூட அவர் நினைத்திருக்கலாம். அழைப்பு எதுவும் வரவில்லை. மாப்பிள்ளை ஏணிக்குப் பக்கத்தில் மாலையோடு நின்று, கடைத்தெரு முழுவதற்கும் கையசைத்தார். அடுத்த முகூர்த்தங்களுக்கும் ஆட்கள் வரத் தொடங்கினார்கள். இந்த வருமானத்தில் நல்ல குழாய்கள் வாங்கும் அளவுக்குச் சேர்ந்தது. பம்பு மட்டும் எட்டவில்லை. அந்த முதல் கலியாண வீட்டுக்காரர் கட்டணம் கட்டும்போது கேட்டதை இன்றும் நிலையத்தில் சொல்லிச் சிரிப்போம்:

"மிஸ், சைரனுக்குத் தனியாக் காசா, இல்ல அதுவும் இதுக்குள்ளயே அடக்கமா?"

பாட்டுக் கச்சேரி இல்லாத திருவிழா

தோட்டங்களில் கோயில் திருவிழாவுக்குப் பணம் சேர்க்கும் முறையை வெளியூர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டும். உண்டியல் பிறகு. முதலில் சந்தா. ஒவ்வொரு தொழிலாளியின் சம்பளத்திலிருந்தும் கோயிலுக்கென்று ஒரு சிறு தொகையைத் தோட்ட ஆபீஸே பிடித்து, கோயில் கமிட்டியிடம் கொடுத்துவிடும். பிடிப்பது அம்மன் பெயரில் என்பதால், மற்றப் பிடித்தங்களுக்கு முணுமுணுக்கிறவர்கள்கூட இதற்கு வாய் திறப்பதில்லை. வருஷம் முழுவதும் சேர்ந்ததை மாரியம்மன் திருவிழாவில் செலவு செய்வார்கள். அதில் பெரும்பகுதி, வெளியூரிலிருந்து வரும் பாட்டுக் கச்சேரிக்கும் மின்விளக்கு அலங்காரத்துக்கும் போகும்.

கீழ்ப்பிரிவின் கோயில் தலைவர் ராமையா ஒருநாள் நிலையத்துக்கு வந்தார். அந்தப் பம்பு என்ன விலை என்று கேட்டார். சொன்னேன். "அப்புடியா" என்று மட்டும் சொல்லி, திருவிழாக் கூட்டத்துக்கு என்னையும் வரச் சொன்னார். போனேன். இந்த வருஷம் கச்சேரியும் அலங்காரமும் வேண்டாம், அந்தப் பணத்தில் பம்பு வாங்கி நகரசபைக்குக் கொடுப்போம் என்று அவர் சொன்னதும் கோயில் மண்டபம் இரண்டாகப் பிரிந்தது. கச்சேரி இல்லாவிட்டால் மேல்பிரிவுக்காரன் சிரிப்பான் என்றார்கள் இளைஞர்கள். "சிரிக்கட்டும். அவன் லயம் எரிஞ்சாலும் இதே பம்புதான் போவும்" என்றார் ராமையா. "நகரசபைக்கு நாம ஏன் குடுக்கணும்? அவுங்கதான நமக்குக் குடுக்கணும்!" என்று ஒரு குரல் வந்தது. நியாயமான கேள்வி. நகரசபைப் பிரதிநிதியாக அங்கே அமர்ந்திருந்த நான், மண்டபத்துத் தூணில் இருந்த யாளியை உன்னிப்பாகப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கடைசியாகப் பூசாரி எழுந்தார். அவருடைய சங்கடம் வேறு. "இது தீமிதி நடக்குற கோயிலுங்க. தீயில எறங்குறதுதான் நம்ம நேர்த்தி. அம்மன் காசுல தீய அணைக்கிற மிசினு வாங்குனா அவ என்ன நெனப்பா?" பெண்கள் பக்கத்திலிருந்து பார்வதி எழுந்து, முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டார்.

"பூக்குழியில எறங்குறவங்க ஏறி வந்து படுக்க ஒரு காம்பரா வேணுமில்லங்க சாமி? அத நெனப்பா."

அம்மாவின் தொலைபேசி எண்

கோயில் பணத்தை நகரசபை வாங்கினால், அது சபையின் பொதுப்பணத்தோடு கலந்து, மீண்டும் எல்லைக் கல்லில் வந்து முட்டும். இதற்கு வழி சொன்னவர் எங்கள் கணக்காளர். பணமாக வேண்டாம், பொருளாக வரட்டும் என்றார். அன்பளிப்பாக வரும் பொருளைச் சபை ஒரு தீர்மானத்தோடு ஏற்றுக்கொள்ளலாம். அதை எங்கே பாவிக்க வேண்டும் என்று கொடுப்பவர் நிபந்தனையும் போடலாம். சுற்றியுள்ள தோட்டங்களுக்கும் பாவிக்க வேண்டும் என்று ராமையா ஒரு நிபந்தனை போட்டுவிட்டால், கோடு அழிகிறது. இதைச் சொல்லிவிட்டு, தான் எதுவும் சொல்லாதது போல அவர் தேநீரைக் குடித்தார்.

அடுத்த சிக்கல் பற்றுச்சீட்டு. சந்தா அம்மன் பெயரில் பிடித்த பணம். ஆகவே பற்றுச்சீட்டும் அம்மன் பெயரில்தான் இருக்க வேண்டும், தன் பெயரில் இருந்தால் நாளைக்கு நாலு பேர் நாலுவிதமாகப் பேசுவார்கள் என்றார் ராமையா. நான் கொழும்பு விற்பனையாளருக்குத் தொலைபேசி எடுத்து, வாங்குபவரின் பெயர் ஸ்ரீ முத்துமாரியம்மன் என்றேன். அவர் எழுதிக்கொண்டார். முகவரி, கீழ்ப்பிரிவு என்றேன். எழுதிக்கொண்டார். பிறகு பேனா நின்றது.

"ஃபோன் நம்பர் இல்லாம வொரண்டி போட முடியாதுங்களே மிஸ். அம்மாவுக்கு வாட்ஸ்அப் இருக்குங்களா?"

சக்கரம் இல்லாத சாமான்

பம்பு திருவிழாவுக்கு முந்திய வாரம் வந்து சேர்ந்தது. சிவப்பு நிறம், இரும்புச் சட்டம், இரண்டு பக்கமும் கைப்பிடிகள். கையளிப்பு விழாவில் நகரசபைத் தவிசாளரும் இருந்தார். முதலில் கோயிலில் பூசை. புது வாகனம் என்றால் சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்குவது நம் வழக்கம். பம்புக்குச் சக்கரம் இல்லை. பூசாரி அதைச் சுற்றி வந்து தேடியதை நான் பார்த்தேன். பிறகு பழம் எங்கே போனது என்பதைப் பார்க்கவில்லை. யாருமே பார்க்கவில்லை.

பூசை முடிந்து லயத்துக்குக் கீழே ஓடைக்கு இறங்க வேண்டும். எங்கள் ஆட்கள் பக்கத்துக்கு இருவராகக் கைப்பிடியைப் பிடித்தார்கள். படிக்கட்டோ ஒருவர் பின் ஒருவராக இறங்குகிற அகலம். பம்பு படியில் வந்தது. தூக்கியவர்கள் இரு பக்கமும் தேயிலைச் செடிக்குள் நடந்தார்கள். இடையிடையே இறக்கி வைத்து, கையை உதறி, மீண்டும் தூக்கி, ஓடைக்குப் போய்ச் சேர்வதற்குள் தவிசாளர் இரண்டு தடவை நேரம் பார்த்துவிட்டார். எரிகிற நேரத்தில் இப்படி இறங்கினால், பம்பு இருந்தும் என்ன பயன்?

சுனில் இயந்திரத்தை முடுக்கினார். நல்ல உறுமல். குழாய் பாம்பு போலப் புரண்டு உப்பியது. முனையில் மட்டும் ஒரு சொட்டும் இல்லை. பெண்கள் கையைக் கூப்பிக்கொண்டு நின்றார்கள். சுனில் சட்டென்று நிறுத்தி, குழாய் முனையின் பித்தளை வாயைக் கழற்றினார். உள்ளே, சந்தனம் குங்குமம் எல்லாம் கழுவுண்ட நிலையில், எலுமிச்சம்பழம். சக்கரத்தைக் காணாத பூசாரி, பம்பில் தண்ணீர் வெளியேறும் வாய்க்குள் அதை வைத்திருந்தார்; அது குழாய் முழுவதும் பயணம் செய்து முனையில் சிக்கிவிட்டது. பழத்தை எடுத்ததும் தண்ணீர் லயத்துக் கூரையைத் தாண்டிப் போய் விழுந்தது. சனங்கள் போட்ட சத்தத்தில் தவிசாளர் தன் உரையை மறந்தார். சுனில் பழத்தை மரியாதையாகக் கைக்குட்டையில் சுற்றி என்னிடம் கொடுத்தார்.

"வொரண்டிப் புத்தகம் முழுக்க வாசிச்சன் மிஸ். தேசிக்காய் பத்தி ஒண்ணுமே எழுதி இல்ல."

தோள்

திருவிழா முடிந்து சில வாரங்கள். பம்பு எங்கள் வண்டியில் ஏறிவிட்டது. கையளிப்புப் பத்திரத்தில் ராமையாவின் ஒரு கையெழுத்து விடுபட்டிருந்ததால், அதை வாங்குவதற்காக நான் தோட்ட ஆபீஸுக்குப் போயிருந்தேன். பகல் கொழுந்து நிறுக்கிற நேரம். பெண்கள் மலையிலிருந்து கூடைகளோடு வரிசையில் நின்றார்கள். யாரோ கீழ்ப்பக்கம் கையைக் காட்டினார்கள். எரியாமல் தப்பியிருந்த அந்தப் பாதி லயத்தின் ஓரத்தில், கூரைத் தகரங்களின் இடுக்கு வழியே புகை. பார்வதி கூடையை அங்கேயே போட்டுவிட்டு ஓடினார். நிலையத்துக்கு அழைத்தது நான்தான்.

வண்டி வந்து, ரோட்டு முடியும் அதே இடத்தில் நின்றது. பம்பை இறக்கினார்கள். பக்கத்துக்கு இருவராக எங்கள் ஆட்கள் குனிந்தபோது, மேலிருந்து ராமையா கத்தினார்: "வைங்க! கையில தூக்காதீங்க! சாமி மூங்கில எடுத்தாங்கடா!" திருவிழாவில் அம்மனை ஊர்வலமாகத் தூக்குகிற மூங்கில்கள் கோயில் கூரைக்கு அடியில் இருந்தன. அதே திருவிழாவில் கச்சேரி இல்லை என்று கோபித்துக்கொண்ட இளைஞர்கள்தான் அவற்றை எடுத்துக்கொண்டு ஓடி வந்தார்கள். கைப்பிடிகளுக்குள் மூங்கில் நுழைந்தது. முன்னால் இருவர், பின்னால் இருவர், நெருக்கமாக. இந்தப் படிகளில் ஆண்டுதோறும் அம்மனைச் சாயாமல் இறக்கிப் பழகியவர்கள். முன்னால் போகிறவர்கள் மூங்கிலை உயர்த்திப் பிடிக்க, பின்னால் வருகிறவர்கள் இடுப்பளவுக்குத் தாழ்த்த, பம்பு மட்டம் மாறாமல் இறங்கியது. "எறக்கம்... எறக்கம்... வளைவு... தோள் மாத்து..." என்று ராமையா ஊர்வலத்தில் சொல்கிற அதே குரலில் சொல்லிக்கொண்டே முன்னால் இறங்கினார். எங்கள் ஆட்கள் குழாய்களோடு பின்னால் ஓடினார்கள். அந்தக் குழாய்கள் மாப்பிள்ளை ஊர்வலக் காசில் வாங்கியவை.

பம்பு ஓடையோரம் அமர்ந்தது, உறுமியது, தண்ணீர் ஏறியது. ஒரு காம்பராவின் சமையல் கூரையும் அடுக்கி வைத்திருந்த விறகும் போயின. தீ அடுத்த காம்பராவுக்கு நடக்கவில்லை. அடுத்தது பார்வதியுடையது.

எல்லாம் அடங்கிய பிறகு நான் படியிறங்கிப் போனேன். பார்வதி தன் வாசலில், ஈரமாகிப்போன பாயை உதறிக்கொண்டிருந்தார். தண்ணீர் அவருடைய காம்பராவுக்குள்ளும் தாராளமாகப் புகுந்திருந்தது. என்னைக் கண்டதும் பாயைக் கீழே வைத்தார். அழுவார் என்று நினைத்தேன். என் கண்கள்தான் அதற்குத் தயாராக இருந்தன. அவர் ஓடைப் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டுச் சொன்னார்:

"இந்த வருசம் அம்மன் ரெண்டாந்தரமா வீதி உலா வந்துட்டாங்க மிஸ். ஒரு சூடம் கொளுத்தத்தான் பயமா இருக்கு."

வதிவிடம்

ஓடிட் வந்தது. வரும் என்பது தெரிந்ததுதான். பம்பு நல்ல நிலையில் இருக்கிறது, பதிவுகள் சரி, தீர்மானம் சரி, ஒரேயொரு வினா. அன்பளிப்பாளர் ஸ்ரீ முத்துமாரியம்மன் என்பவரின் வதிவிடத்தையும், அவர் தன் சுயவிருப்பில்தான் இதைக் கொடுத்தார் என்பதையும் உறுதிப்படுத்துமாறு எழுதியிருந்தார்கள். எழுதியவர் இளம் அதிகாரி, தூர மாவட்டத்தவர். அவரைக் குறை சொல்ல முடியாது. நான் பதில் எழுத உட்கார்ந்து, முதல் வரியிலேயே மாட்டிக்கொண்டேன். பத்திரத்தை எடுத்துக்கொண்டு கணக்காளரிடம் போனேன்.

அவர் வினாவை இருமுறை வாசித்தார். சுவரில் தொங்கிய வரைபடத்தைப் பார்த்தார். சிரிப்பதற்கு அவருக்கு வழக்கம் இல்லாததால், மூக்குக் கண்ணாடியைத் துடைத்தார்.

"நிரந்தர வதிவிடம் கீழ்ப்பிரிவுன்னு எழுதுங்க. சுயவிருப்பமான்னு நேர்ல கேக்கணும்னா வெள்ளிக்கிழமை பூசைக்கு வரச் சொல்லுங்க, நானும் வர்றேன்."

சிறுநகரத் தீயணைப்புப் பிரிவு ஒன்று புதுச் சாமான் வாங்குவது எப்படி என்று இப்போது யாராவது கேட்டால், மூன்று விலை, ஒரு தீர்மானம், சில மாப்பிள்ளைகள், ஓர் அம்மன், தோள் கொடுக்க நான்கு பேர் என்று வரிசையாகச் சொல்லிவிட்டு, எலுமிச்சம்பழத்தை மட்டும் வெளியே வைக்குமாறு கேட்டுக்கொள்வேன்.